ஊ சான் லின் மேல் ஒரு புகாரும் இல்லை

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, என் பெண்டாட்டிக்கு இரண்டு புருஷன் என்று கோவிலில் இருந்து கடிதம் வந்தது.

நான் கடையில் ஒரு இன்வெர்ட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாங்கோனில் எங்கள் பேட்டை தாகேதாவில் என் தொழிலுக்குக் குறைச்சல் இல்லை. மின்சாரத்தை நாங்கள் மீ என்போம். மீ போவதும் வருவதுமாக இருக்கிற ஊரில் பாட்டரிக்காரன் பட்டினி கிடக்க மாட்டான். கடிதத்தைக் கொண்டுவந்தது கோவிலுக்கு எதிரே மோஹிங்கா என்கிற மீன்சாற்று நூடுல்ஸ் கடை போட்டிருக்கும் அம்சவேணி. அவள் எங்கள் வேதக்காரியே இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் எங்கள் பங்கின் தலைமைத் தூதர் அவள்தான்.

"எனக்கொண்ணும் தெரியாதுண்ணே. அவரு குடுத்தாரு, நான் கொண்டாந்தேன். இந்த வாட்டி சாக்கு நூலு கட்டியிருக்கு, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாக்கு நூல் என்றால் கண்டனம். பிரித்துப் படித்தேன்.

"ஊழியர்க்கெல்லாம் ஊழியனான சந்தியாகு, அன்பு மகன் சவரிமுத்துவுக்கு வாழ்த்தும் ஆசியும் கூறி எழுதுவது. துயரத்தோடு கேள்விப்பட்டோம்: உம் மகள் எனப்படும் ரோஸலினுக்கு ஞானஸ்நானப் பதிவேட்டில் சவரிமுத்து என்று ஒரு தகப்பனும், கல்யாண மனுவில் ஊ சான் லின் என்று மற்றொரு தகப்பனும் இருப்பதாக. ஒரு பெண்ணுக்கு ஒரு தகப்பன் போதும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. ஆகவே இரண்டாம் ஓலையை நிறுத்தி வைக்கிறோம்."

சவரிமுத்து நான்தான். ஊ சான் லின்னும் நான்தான். ஊ என்பது பர்மியத்தில் ஐயா மாதிரி ஒரு மரியாதை. யாங்கோன் தமிழனுக்கு இது புதுசா? கோவிலில் கொடுத்த பேர் ஒன்று, அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பேர் ஒன்று. என் அப்பாவுக்கும் இரண்டு, என் மச்சானுக்கும் இரண்டு, இந்தக் கடிதத்தை எழுதிய சந்தியாகுவுக்கே ஊ சோ தேய்ன் என்று அட்டையில் இருக்கிறது. ரோஸலின் மனுவை நிரப்பும்போது அட்டையைப் பார்த்து எழுதிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அதனால் நின்றுபோனது சின்ன விஷயம் இல்லை. எங்களில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை முந்தின நாள்தான் வாசித்திருந்தது. மூன்றும் முடிந்து அடுத்த சனிக்கிழமை கல்யாணம். அதற்கு அடுத்த புதன்கிழமை தவக்காலம் ஆரம்பம். ஆரம்பித்துவிட்டால் நாற்பது நாளைக்குக் கோவிலில் கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளை சூசைராஜ் ஆற்றுக்கு அக்கரை டாலாக்காரன், கப்பலில் ஃபிட்டர். மாசக் கடைசியில் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறினால் திரும்பி வர பத்து மாசம். இரண்டும் நாலு வருஷமாகக் காத்திருக்கின்றன. அவன் இரண்டு தடவை கல்யாணம் இல்லாமலேயே கப்பல் ஏறினான், அவள் இரண்டு தடவை டாலா படகுத்துறையில் அழுதாள். மூன்றாம் தடவை அழ விடக்கூடாது என்று நான் மனசுக்குள் வைத்திருந்தேன்.

சந்தியாகுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் உங்களுக்கு விளங்காது. துறைமுகத்தில் பழைய காகிதங்களைக் கட்டி வைக்கிற பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரிக்கு யாத்திரை போனார். மற்றவர்கள் ஜெபமாலை வாங்கி வந்தார்கள், இவர் ஒரு நோயை வாங்கி வந்தார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் எண்ணூறு வருஷத்துக்கு முந்தின பாப்பரசர்களின் கடிதங்கள் இருந்தனவாம். உலகத்தையே கடிதம் எழுதி ஆண்டார்களாம். கண்டிக்கிற கடிதத்துக்குச் சணல் நூல், சலுகை கொடுக்கிற கடிதத்துக்குப் பட்டு நூல், நூலின் நுனியில் ஈய முத்திரை. முத்திரையில் சுற்றிலும் எழுபத்து மூன்று புள்ளி. ஒன்று குறைந்தாலும் கள்ளக் கடிதம். பதினோரு நாள் யாத்திரையில் இவர் ஒன்பது நாள் அந்தப் பெட்டி முன்னால் நின்றார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் எங்கள் தமிழ்ப் பிரிவுக்குத் "திருக்கடித ஆபீசு" திறந்துவிட்டார். மொத்தம் நாற்பத்து மூன்று குடும்பம் நாங்கள். ஒரே குரலில் கூப்பிட்டால் எல்லோருக்கும் கேட்கும். ஆனாலும் கடிதம்தான். சணலுக்கு அரிசிச் சாக்கு நூல், பட்டுக்கு அவர் சம்சாரம் இடுப்பில் சுற்றிக் கட்டின பழைய பட்டுத் தமெய்னின் கரை, ஈயத்துக்கு என் கடைப் பாட்டரித் தகடு. ஆமாம், என்னைக் கட்டின முத்திரையின் ஈயம் என் கடையில் இருந்து போனதுதான்.

அவர் எழுதின கடிதங்களைக் கேளுங்கள். ஆர்மோனியம் வாசிக்கிற தமிழ்மணிக்கு ஐம்பத்தொரு வயசு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். அவர் காலமானதும் அந்த இடம் உமக்கே என்று நாலு பேருக்குத் தனித்தனியாகப் பட்டு நூல் கடிதம் கொடுத்துவிட்டார் சந்தியாகு. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் நாலு பேரும் தமிழ்மணியைச் சூழ்ந்துகொண்டு உடம்பு எப்படி, சுகர் எப்படி என்று கேட்கிறார்கள். பாவம், மனுஷன் யார் வீட்டிலும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை.

கோவிலில் மூன்றாவது மின்விசிறி நின்றுபோனது இன்னொரு கூத்து. நான் ஏணி போட்டு ஏறிப் பத்து நிமிஷத்தில் சரி பண்ணினேன். மறுநாள் சாக்கு நூல் கடிதம்: அனுமதி இல்லாமல் சுழலும் மின்விசிறியைக் கண்டு மனம் நொந்தோம். அனுமதிக் கடிதம் வரும்வரை அதை நிறுத்தி வைத்தார்கள். இரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் நிற்கிறது.

சரி, நம் கதைக்கு வருவோம். கடிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் சம்சாரம் அன்னபாக்கியம் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு ரெண்டு புருஷனா? ஒண்ணையே வச்சுக்கிட்டு இருபத்தாறு வருஷமா நான் படற பாடு போதாதா? அந்த ஆள் வாயில கொள்ளிக்கட்டையை வைக்க!" என்றாள். "ஏங்க, மரம் மாதிரி நிக்கிறீங்களே, போய்க் கேளுங்க!"

போனேன். கோவிலுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், தகரத் தடுப்புக்குள் ஆபீசு. சந்தியாகு லோஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயசு சின்னவர். கடிதத்தில்தான் நான் அவருக்கு மகன்.

"வாங்க சவரி. என்ன சேதி?"

"என்ன சேதியா? சான் லின் நான்தான்னு உங்களுக்குத் தெரியாதா ஊ சந்தியாகு?"

"தெரியுமே. நல்லாத் தெரியும். உங்க அட்டை எடுக்கப் போனப்ப வரிசையில நான் உங்க பின்னாடிதான நின்னேன்."

"அப்புறம்?"

"எனக்குத் தெரியும் சவரி. ஆபீசுக்குத் தெரியாது."

"ஆபீசுல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "அங்கதான் தப்புப் பண்றீங்க. சந்தியாகு இன்னைக்கு இருப்பான், நாளைக்குச் செத்துப் போவான். ஆபீசு சாகாது. நான் பாத்ததையெல்லாம் ஆபீசு நம்ப ஆரம்பிச்சா, அப்புறம் கடிதம் எதுக்கு? ஏழு வருஷத்துல ஆயிரத்து நானூறு கடிதம் அனுப்பியிருக்கோம். ஒரு விஷயம்கூட இன்னும் முடியல. அவ்வளவு பலமான ஆபீசு இது. நீங்க மனு குடுங்க. நீதிபதி ஒருத்தரை நியமிப்போம். அவரு விசாரிச்சு, சவரிமுத்துதான் சான் லின்னான்னு சொல்லட்டும்."

"மூணு வாரத்துல கல்யாணம் இருக்கே!"

"கடிதம் போறதுதான் நம்ம வேலை. கல்யாணம் நடக்கறது வேற டிபார்ட்மெண்டு."

மனுவை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வேற டிபார்ட்மெண்டைத் தேடிப் பங்குச் சாமியார் ஃபாதர் சோவிடம் போனேன். நல்ல மனுஷர், கயின் இனத்தவர். பூசை வைப்பதற்காக மட்டும் தமிழ் படித்தவர். அதனால் எதைச் சொன்னாலும் பூசைத் தமிழில்தான் சொல்லுவார்.

"தோத்திரம் சாமி. என் மகள் கல்யாணம் நிக்கிது சாமி" என்றேன்.

அவர் இரண்டு கையையும் விரித்தார். "அன்பார்ந்த மகனே, உம் துன்பத்தை நாம் அறிவோம்" என்று சொல்லி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். சாக்கு நூல். 'இவ்வழக்கு எம் தனி அதிகாரத்துக்கு ஒதுக்கப்பட்டது. அன்பு மகன் சோ இதில் தலையிடாமல் ஜெபித்துக்கொண்டிருக்கவும்.'

"நீங்கதானே சாமி பங்குக்குத் தலைவர்?"

"ஆம் மகனே. ஆனால் பதிவேட்டு அலமாரியின் சாவி சந்தியாகுவிடம் உள்ளது. அவர் கோபித்துச் சென்றால், பிறந்தவர் யார், இறந்தவர் யார் என்று நாம் அறியோம். ஆகவே ஜெபிப்போமாக." உண்மையிலேயே கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார். நானும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்காமலே போயிற்று. அதற்கு அடுத்த புதன்கிழமை அம்சவேணி இன்னொரு கடிதம் கொண்டுவந்தாள். "ஊ சான் லின் வீடு இதுதானேண்ணே?" என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"நன்மதிப்புக்குரிய ஊ சான் லின்னுக்கு வாழ்த்தும் ஆசியும். சவரிமுத்து என்பவரின் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் நீதிபதியாக உம்மை நியமிக்கிறோம். மனுதாரர் சற்றே முன்கோபி, கவனம்."

ஓடினேன் ஆபீசுக்கு. "யோவ் சந்தியாகு, என்னையே என்னை விசாரிக்கச் சொன்னா என்னய்யா அர்த்தம்?"

மரியாதை போய்விட்டதை அவர் கண்டுகொள்ளவில்லை. பேரேட்டைப் புரட்டிக் காட்டினார். "நீதிபதியா இருக்கணும்னா அவர் மேல புகார் எதுவும் இருக்கக்கூடாது. அது விதி. நாற்பத்து மூணு குடும்பத்தையும் அலசிட்டேன். எல்லார் மேலயும் புகார் இருக்கு. உங்க மேலயே மூணு: அனுமதியில்லாம மின்விசிறி சுத்த வச்சது, கடிதம் வாசிக்கும்போது இருமினது, இருமினதுக்கு அனுப்பின கண்டனத்தை வாசிக்கும்போது சிரிச்சது. சுத்தமான ஆள் பங்குலயே ஒருத்தர்தான். ஊ சான் லின். அவர் மேல ஒரு புகாரும் இல்ல. போதாததுக்குக் கோவிலுக்கு இன்வெர்ட்டர் வேற தானம் பண்ணியிருக்காரு."

"அது என் கடை இன்வெர்ட்டர்! ரசீதுல கடை லைசன்சு பேர் போட்டீங்க!"

"அவரைப் பாத்துக் கத்துக்கங்க சவரி" என்றார் சந்தியாகு. கேலி இல்லை, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அன்னபாக்கியம்தான் என்னை உட்கார வைத்தாள். "கத்தி என்ன ஆவப்போவுது? எழுதச் சொன்னா எழுதுங்க. விசாரிக்கச் சொன்னா விசாரிங்க. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறணும்."

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக் கூடத்தில் விசாரணை. முறையாக நடக்கிறதா என்று பார்க்கச் சந்தியாகு பேரேட்டோடு வந்து உட்கார்ந்தார். நீதிபதி உட்கார வேண்டும், மனுதாரர் நிற்க வேண்டும் என்பது விதி. ஆகவே நான் நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். எழுந்து எதிரே போய் நின்று பதில் சொல்லுவேன். எட்டாவது கேள்விக்குள் முழங்கால் பிடித்துக்கொண்டது. "நீதிபதிக்கு லெபெயே குடுங்கம்மா" என்றார் சந்தியாகு. தேத்தண்ணீர் வந்தது. நான் நிற்கும்போது குடிக்கப் போனேன். "அது நீதிபதிக்கு" என்று தடுத்தார்.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "விசாரணைக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் தனியாச் சந்திச்சுப் பேசினீங்களா?"

"குளிக்கிறப்ப கொஞ்சம் பேசினோம்" என்றேன்.

எழுதிக்கொண்டார்.

சாட்சி, அன்னபாக்கியம். மனுதாரரைத் தெரியுமா என்று நீதிபதி கேட்டேன். "கர்மம், தெரியும்" என்றாள். நீதிபதியைத் தெரியுமா? "ரெண்டும் ஒரே கிறுக்கு" என்றாள். சந்தியாகு அதையும் எழுதிக்கொண்டு, சாட்சியம் தெளிவாக இருக்கிறது என்று பாராட்டினார்.

நான் நிம்மதியாகத் தீர்ப்பு எழுதினேன்: சவரிமுத்துவும் ஊ சான் லின்னும் ஒரே ஆள். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். சந்தியாகு படித்தார். தலையை ஆட்டினார்.

"இது செல்லாதே சவரி."

"ஏன்?"

"ரெண்டு பேரும் ஒரே ஆள்னா, நீங்க உங்க வழக்கை நீங்களே விசாரிச்சதா ஆயிடும். அது மகா குத்தம். ஆபீசுக்கே கெட்ட பேரு."

"நியமிச்சது நீங்கதானே?"

"நான் நியமிச்சது ஊ சான் லின்னை. அவரு நீங்கன்னு எனக்கு யாரும் எழுதித் தரலியே. இப்பதான் தர்றீங்க, அது செல்லாது." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டும் வேற வேற ஆள்னு எழுதினா தீர்ப்பு செல்லும். பொண்ணு சவரிமுத்து மகள்தான், சான் லின்னுக்குச் சம்பந்தமில்ல, மனுவுல கைப்பிழை, அப்படின்னு நீதிபதி சொன்னா நாளைக்கே பட்டு நூல் போட்டுடலாம். ரெண்டு ஓலையையும் ஒரே ஞாயித்துக்கிழமை, பூசைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, வாசிச்சுடலாம். நானும் மனுஷன்தான சவரி."

புதுக் காகிதம் எடுத்தேன். பேனாவைப் பிடித்தேன். எழுத வரவில்லை.

சிரிக்காதீர்கள். ரோஸலினைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது சான் லின். பத்து வருஷம் அவளுடைய மார்க்குக் கார்டில் கையெழுத்துப் போட்டது சான் லின். டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, அப்போது "நோயாளிக்கு என்ன உறவு" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் தகப்பன் என்று எழுதினதும் சான் லின்தான். கோவிலுக்கு வெளியே இந்த ஊருக்கு என்னை அப்படித்தான் தெரியும். அந்தப் பேரை வைத்துக்கொண்டு, இவள் என் பெண் இல்லை என்று எழுத வேண்டும். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, ஐம்பத்து நாலு வயசில் ஒரு காகிதத்துக்காக அழுகிறோமே என்று.

ரோஸலின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எழுதுங்கப்பா. காயிதம்தானே. வீட்ல நான் ரெண்டு பேருக்கும் மகதான்" என்றாள்.

எழுதினேன். 'ஊ சான் லின் ஆகிய எனக்கு, மேற்படி ரோஸலினோடும் அவள் தாய் அன்னபாக்கியத்தோடும் எவ்வித சம்பந்தமும் இல்லை.' சந்தியாகு அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, "என்ன நடை! என்ன நிதானம்! இவர் மேல புகார் இல்லாதது சும்மா இல்ல" என்றார்.

கல்யாணம் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓலையும் வாசித்தார்கள். சனிக்கிழமை ஃபாதர் சோ மந்திரித்துக் கொடுத்த தாலியை சூசைராஜ் கட்டினான். டாலாவில் இருந்து படகு படகாகச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். சமையல்காரர் பீர் முகைதீன் பாயின் டான்பவுக் பிரியாணியைத் தமிழ்மணிகூட நம்பிச் சாப்பிட்டார். பாய்க்கு ஆர்மோனிய ஆசை இல்லையே. சந்தியாகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் சிறப்பு சவரி. ஊ சான் லின்னைத்தான் காணோம். கூப்பிடலியா?" என்றார். நான் கும்பிடு போட்டுவிட்டுப் பந்திக்குப் போனேன்.

மாப்பிள்ளை கப்பல் ஏறினான். ரோஸலின் படகுத்துறையில் அழுதாள்தான். ஆனால் இந்தத் தடவை தாலியைப் பிடித்துக்கொண்டு, மாமியார் தோளில் சாய்ந்து அழுதாள். அது வேறு அழுகை. எனக்கு மனசு நிறைந்தது.

தவக்காலத்து மூன்றாம் வாரம், திங்கட்கிழமை, காலை பத்து மணி. அம்சவேணி வந்தாள். இந்தத் தடவை சிரிப்பை அடக்கவே இல்லை. சாக்கு நூல் இரட்டைச் சுற்று.

"ஊழியர்க்கெல்லாம் ஊழியனான சந்தியாகு, அன்பு மகன் சவரிமுத்துவுக்கு வாழ்த்தும் ஆசியும். துயரத்தோடு கேள்விப்பட்டோம்: உம் மனைவி அன்னபாக்கியத்தோடு எவ்வித சம்பந்தமும் இல்லை என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்த ஊ சான் லின் என்னும் ஆடவர், இருபத்தாறு ஆண்டுகளாக உம் வீட்டிலேயே வசித்து வருவதாக. அவர் நல்லவரே. ஆயினும் ஊர் வாயை மூட முடியாது. பதினைந்து நாளுக்குள் உங்களில் ஒருவர் வெளியேறி, வெளியேறியவர் யார் என்பதை இவ்வாபீசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும்."

வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அன்னபாக்கியத்திடம் வாசித்துக் காட்டினேன். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாக யோசித்தாள்.

"சவரிமுத்து போகட்டும்" என்றாள்.

"என்னடி?"

"கடை லைசன்சு சான் லின் பேர்லதான இருக்கு. வீட்டுப் பத்திரமும் அவரு பேர்லதான். அவரு மேல ஒரு புகாரும் இல்ல. சவரி மேல மூணு இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். "வாங்க ஊ சான் லின், சோறு ஆறுது."